இறக்கத்தில் இருக்கு ஏற்றம்!

வெள்ளியங்கிரி ஏறியிருக்கீங்களா? கோவைக்குப் பக்கத்துல, ஏழு மலை. மூங்கில் தடியை ஊன்றிக்கிட்டு ஏறணும். ஏறும்போது நாக்கு தள்ளும், நெஞ்சு படபடக்கும், 'எதுக்குடா வந்தோம்'னு தோணும். இறங்கும்போது? அவ்வளவா மூச்சே வாங்காது. கதை பேசிக்கிட்டே வந்துடலாம். ஆனா, மறுநாள் ஹாஸ்டல் படிக்கட்டுல இறங்கிப் பாருங்க... தொடை ரெண்டும் ஸ்டிரைக் பண்ணும்!

'அவ்ளோ தூரம் ஏறினோம்ல, அதான் வலி'னு நினைச்சேன். இல்லைங்க. அது பெரும்பாலும் இறங்கினதால வந்த வலி. இந்த விஷயத்தைப் பாதி மட்டும் தெரிஞ்சுக்கிட்டு, ஒருத்தனை நான் ஆஸ்பத்திரியில படுக்க வெச்ச கதைதான் இது.

எங்க ஹாஸ்டலுக்குப் பின்னாடி ஒரு இரும்பு பார் இருக்கு. செகண்ட் இயர்ல அதுல என் புல்-அப்ஸ் ஸ்கோர், பூஜ்யம். தொங்குவேன், காலை உதைப்பேன், கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி ஆடிட்டு இறங்கிடுவேன். பசங்க கோரஸா எண்ணுவாங்க... ''ஜீரோ... ஜீரோ... ஜீரோ!'' அதுல ரொம்பச் சத்தமா எண்ணினது என் ரூம்மேட்.

ஒருநாள் ஜிம் மாஸ்டர் ஒருத்தர் சொன்னார்: ''தம்பி, ஏற முடியலைன்னா முதல்ல இறங்கக் கத்துக்க!''

விஷயம் சிம்பிள். ஸ்டூல்மேல ஏறி, தாடை பாருக்கு மேல இருக்குற மாதிரி பிடிச்சுக்கணும். அப்புறம் காலை எடுத்துட்டு, உடம்பை மெதுவா இறக்கணும். ஜிம் பாஷையில இது 'நெகட்டிவ்'. புத்தக பாஷையில 'எக்ஸென்ட்ரிக்'. அதாவது, தசை நீண்டுக்கிட்டே எடையைத் தாங்குறது. தூக்க முடியாத எடையைக்கூட தசையால கட்டுப்பாடா இறக்க முடியும். ஏன்னா, சுருங்கும்போது இருக்குறதைவிட நீளும்போது அதோட பலம் அதிகம்.

நம்ப முடியலையா? 1952-ல லண்டன்ல ஆபட், பிக்லாண்ட், ரிட்சினு மூணு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை பண்ணினாங்க. ரெண்டு சைக்கிளைப் பின்னுக்குப் பின் நிறுத்தி, ஒரே செயினால இணைச்சாங்க. ஒருத்தர் முன்பக்கமா மிதிக்கணும். இன்னொருத்தர், பின்னாடி சுத்துற பெடலை எதிர்த்துத் தடுக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே வேகம், ஒரே விசை. ஆனா, மிதிச்சவர் பல மடங்கு ஆக்சிஜனைச் செலவழிச்சார். ராயல் சொசைட்டியில இதைச் செஞ்சு காட்டினப்போ, ஒரு சின்ன உருவப் பெண்மணி நோகாம பெடலைத் தடுக்க, எதிர்ல மிதிச்ச வாட்டசாட்டமான மனுஷன் களைச்சுப்போயிட்டாராம். மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் நான், விழுந்துட்டேன்!

இதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். அடுத்த பாதி தெரியாது. ''மாப்ள, செம ஈஸிடா, மூச்சே வாங்காது''னு ரூம்மேட்டையும் இழுத்துட்டுப் போனேன். யார் அதிகம் இறங்குறதுனு பரோட்டாவுக்குப் பந்தயம். நான் முப்பதுல விட்டேன். அவன் அறுபது. ''ஒண்ணுமே தெரியலடா''னு சிரிச்சான்.

மறுநாள் ரெண்டு பேருக்கும் முழங்கை நீட்ட வரலை. சாம்பார் வாளியைத் தூக்க முடியலை. எனக்கு நாலு நாள்ல சரியாச்சு. அவனுக்குக் கை வீங்கிடுச்சு. மூணாம் நாள் காலையில பாத்ரூம்ல இருந்து வெளிய வந்தவன் முகமே சரியில்லை. ''மச்சி... யூரின் கோலா கலர்ல போகுதுடா.''

ஆஸ்பத்திரியில விளக்கினாங்க. தசை அளவுக்கு மீறிச் சிதைஞ்சா, உள்ளே இருக்குற மயோகுளோபின் ரத்தத்துல கலந்து கிட்னியைத் தாக்குமாம். நாலு நாள் சலைன். ஊர்ல இருந்து ஓடிவந்த அவங்கம்மா ''என்ன கண்ணு ஆச்சு?''னு கேட்டப்போ, அவன் என்னைக் காட்டிக்கொடுக்கலை. ''நான்தாம்மா ஓவரா ஆடிட்டேன்''னான். அவங்க எனக்கும் சேர்த்து ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தாங்க. முழுங்க முடியலை.

இதுதான் பாஸ் அந்த இன்னொரு பாதி. இறக்குறது ஈஸியா தெரியும். ஆனா, தசைக்குள்ள நுண்ணிய அளவுல அதிகச் சேதம் பண்றதும் அதுதான். இந்த மாதிரி வலிக்குத் தசைக்குள்ள ஏற்படுற சேதம்தான் காரணமா இருக்கும்னு 1902-லயே தியோடர் ஹஃப்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் சந்தேகப்பட்டிருக்கார். 'லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு'னு நாம அடிச்சுவிடுறது தப்பு. அது ஒரு மணி நேரம் போல ஆனாலே வடிஞ்சுடும். இந்த வலி ஒண்ணுல இருந்து மூணு நாளைக்குள்ளதான் உச்சத்துக்கு வரும். அலாரம் லேட்டா அடிக்குது. அதனாலதான் செய்யும்போது நமக்கு அளவு தெரியறதில்லை.

நல்ல செய்தியும் இருக்கு. கொஞ்சமா ஒரு தடவை செஞ்சாலே தசை உஷாராகிடும். அடுத்த தடவை அதே வேலைக்கு வலியும் சேதமும் குறையும். அதனால, முதல் வாரம் மூணே மூணு இறக்கம், ரெண்டு செட். ஒவ்வொண்ணுக்கும் மனசுக்குள்ள அஞ்சு வரை எண்ணுங்க. நடுவுல ரெண்டு மூணு நாள் இடைவெளி. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு கூட்டுங்க. பந்தயம் மட்டும் வேண்டாம். வீக்கமோ, கோலா கலரோ தெரிஞ்சா, 'நாளைக்குப் பார்க்கலாம்'னு தூங்காம நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க.

அவன் தேறி வந்த பிறகு, நான் மறுபடி அந்த பார்கிட்ட போக ஒரு மாசம் ஆச்சு. இந்தத் தடவை கணக்கா இறங்கினேன். ஒன்பதாவது வாரம் ஒரு சாயங்காலம், ஸ்டூல் இல்லாம தொங்கி, இழுத்தேன். தாடை பாருக்கு மேல வந்துடுச்சு!

கீழே இருந்து அதே பழைய குரல், சத்தமா எண்ணுச்சு... ''ஒண்ணு!''

கையை விட்டுடலை. அஞ்சு வரை எண்ணிட்டு, மெதுவாத்தான் இறங்கினேன்.