கஸ்தூரிபா நகர் டு பார்க் டவுன்: பேசாத ஆசிரியர்களின் பாதை

அடையாறு கஸ்தூரிபா நகரில் பறக்கும் ரயில் ஏறினால், கோட்டூர்புரம், பசுமைவழிச் சாலை, மந்தைவெளி, திருமயிலை, திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் தாண்டி பார்க் டவுன் வந்துவிடும். ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், இன்னொரு பக்கம் மொட்டை மாடிகளில் காயும் துணிகள். ஆபீஸ் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், ஜி.ஹெச்.சுக்கு மாத்திரை வாங்கப் போகிறவர்கள் என்று கலவையான கூட்டம். இந்த வழியில் சென்னையின் மருத்துவ வரலாறும் இருக்கிறது. இறந்த பிறகும் குழந்தைகளைக் காப்பாற்ற உதவும் சில மனிதர்களின் கதை அதில் ஒரு பகுதி.

அடையாறு: முத்துலட்சுமியின் முகவரி

கஸ்தூரிபா நகரிலிருந்து நடந்து போகிற தூரம்தான் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கியது. புதுக்கோட்டையில் பிறந்த அவர், 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டரானார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான் இந்த மருத்துவமனைக்கு விதை.

முத்துலட்சுமி ஆகட்டும், இன்று எம்.பி.பி.எஸ். சேரும் பிள்ளைகள் ஆகட்டும், எல்லோரும் முதல் வருடத்தில் நுழைய வேண்டிய ஓர் அறை உண்டு. உடற்கூறியல் துறையின் டிசெக்‌ஷன் ஹால். உயிருள்ள நோயாளியைத் தொடுவதற்கு முன் அவர்கள் தொட்டுப் படிப்பது, அங்கே மேஜையில் கிடத்தப்பட்டிருக்கும் உடலை. இப்போது பல கல்லூரிகளில் அந்த உடலின் முன் மாணவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்ட பிறகே கத்தியைத் தொடுகிறார்கள். 'முதல் ஆசிரியர்' என்று அந்த உடலைச் சொல்கிறார்கள்.

மயிலாப்பூர்: கடைசி ஊர்வலம் திரும்பும் இடம்

திருமயிலையில் இறங்கினால் கபாலீஸ்வரர் கோயில் கோபுரம் கூப்பிடும். இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் ஃப்ரீசர் பாக்ஸ் வரும், பந்தல் போடுவார்கள், பூ அலங்கார வண்டி வரும். மயிலாப்பூர்க்காரர்கள் கைலாசபுரத்துக்கும், தி.நகர்க்காரர்கள் கண்ணம்மாபேட்டைக்கும், அடையாறுவாசிகள் பெசன்ட் நகர் மின்மயானத்துக்கும் போவார்கள். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வழி.

எப்போதாவது ஒரு வண்டி மட்டும் மயானத்துக்குப் போகாமல் மருத்துவக் கல்லூரிப் பக்கம் திரும்பும். அந்த வீட்டில் அதற்கு முன் ஒரு விவாதம் நடந்திருக்கும். "கொள்ளி வைக்காம எப்படிப்பா?" என்று பெரியம்மா கேட்டிருப்பார். "அப்பா எழுதிக் கொடுத்ததைச் செய்யாம விட்டா மட்டும் சரியா?" என்று மகள் கேட்டிருப்பார். இரண்டு கேள்வியிலும் பாசம்தான் இருக்கிறது. அசுரனை வெல்ல ஆயுதம் வேண்டும் என்று தேவர்கள் கேட்டபோது, தன் முதுகெலும்பையே கொடுத்த ததீசி முனிவர் கதை கேட்டு வளர்ந்த வீடுகளிலும் இந்தக் கேள்வி எளிதாகத் தீர்வதில்லை.

கமல்ஹாசன் 2002-ல் தன் உடலைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குத் தருவதாக எழுதிக் கொடுத்தபோது பலருக்கு அது புதுச் செய்தி. சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரி 2024 செப்டம்பரில் மறைந்தபோது, அவர் உடலை டெல்லி எய்ம்ஸுக்குக் குடும்பத்தினர் ஒப்படைத்தார்கள். மேற்கு வங்கத்தின் ஜோதிபாசுவுடைய உடல் 2010-லேயே கொல்கத்தா மருத்துவமனைக்குப் போனது.

திருவல்லிக்கேணி: கோஷா ஆஸ்பத்திரி

இந்த வட்டாரத்தில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்கமாட்டார். கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை. ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்கிய பெண்களுக்காக 1885-ல் தொடங்கப்பட்டது. காரணமாக இருந்த மேரி ஷார்லீப், 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர்.

இங்கே தினமும் குழந்தைகள் பிறக்கின்றன. பெரும்பாலான குழந்தைகள் பிறந்ததும் வீறிட்டு அழும். அழாத குழந்தைக்கு டாக்டர் சில நிமிடங்களுக்குள் மூச்சு வரவைக்க வேண்டும். 'குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர்' என்று நினைத்தால் அங்கேதான் தப்பு.

பச்சைக்குழந்தைக்குத் தலையின் பின்பக்கம் பெரிது. படுக்க வைத்தாலே கழுத்து மடங்கி மூச்சுப்பாதை அடைபடும். அதனால் தோளுக்கு அடியில் துணியை மடித்து வைக்கிறார்கள். வாயின் அளவுக்கு நாக்கு பெரிது. குரல்வளை பெரியவர்களைவிட மேலே இருக்கும். மூச்சுக்குழாயின் நீளமே நான்கைந்து சென்டிமீட்டர்தான். ட்யூப் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனால் ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று போகும்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதும் அப்படியே. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்பின் முதல் இரண்டு கட்டைகளுக்குள் முடிந்துவிடும். பிறந்த குழந்தைக்கு மூன்றாவது கட்டை வரை இறங்கியிருக்கும். எனவே ஊசி இன்னும் கீழேதான் போக வேண்டும். ரத்தக்குழாய் கிடைக்காத நெருக்கடியில், முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மஜ்ஜைக்குள் நேராக ஊசி ஏற்றுவார்கள். எலும்பு வளரும் தகட்டில் அது பட்டுவிடக் கூடாது.

இவையெல்லாம் அபூர்வமாகத் தேவைப்படுபவை. தேவைப்படும்போது தடுமாற நேரமிருக்காது. முதல் முறை யாரிடம் பழகுவது?

பார்க் டவுன்: செங்கோட்டைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

பார்க் டவுனில் இறங்கினால் ஜி.ஹெச்.சும் 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியும். மாணவர்கள் 'செங்கோட்டை' என்று அழைத்த சிவப்புக் கட்டடத்தில்தான் அனாட்டமி துறை நீண்ட காலம் இயங்கியது. பிறகு, பழைய மத்தியச் சிறை இருந்த இடத்திலும் கல்லூரிக்குப் புதுக் கட்டடங்கள் எழும்பின.

அந்தக் காலத்தில் படிப்புக்குக் கிடைத்தவை பெரும்பாலும் உரிமை கோர ஆளில்லாத உடல்கள். 1951-ல் வந்த உடற்கூறியல் சட்டம் இதற்கு வழி வகுத்தது. பிளாட்பாரத்தில் வாழ்ந்து இறந்தவரிடம் 'உங்கள் உடலை எடுத்துக்கொள்ளலாமா?' என்று யாரும் கேட்டதில்லை. தானே விரும்பி எழுதிக் கொடுத்தவரின் உடலுக்கு மரியாதை கூடுவது இதனால்தான்.

வந்த உடலின் ரத்தக்குழாய் வழியாகப் பதப்படுத்தும் திரவத்தைச் செலுத்துவார்கள். அதில் முக்கியமானது ஃபார்மலின். திசுக்களை இது கெட்டியாக்கும் என்பதை 1893-ல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மானியர் கண்டார். உடல் நீண்ட நாள் கெடாது. ஆனால் விறைத்துவிடும், வாயைத் திறந்து ட்யூப் போட்டுப் பழக முடியாது. இதற்கு விடை தேடியவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த வால்டர் டீல். மூட்டுகள் வளையும்படி, தசை மென்மையாக இருக்கும்படி பதப்படுத்தும் முறையை 1992-ல் வெளியிட்டார். உறைநிலையில் வைத்துப் பயிற்சிக்கு எடுக்கும் முறையும் உண்டு.

ரப்பர் பொம்மையில் பழகலாமே? பழகுகிறார்கள். ஆனால் எத்தனை முறை குத்தினாலும் பொம்மை ஒரே மாதிரிதான் இருக்கும். தோல், தசை, சவ்வு என்று ஒவ்வோர் அடுக்கையும் ஊசி தாண்டும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்தச் சின்ன 'விடுபடல்' மனித உடலில்தான் தெரியும்.

பெரியவரின் உடல் குழந்தை மருத்துவத்துக்கு எல்லாவற்றையும் சொல்லித் தராது. நெஞ்சில் குழாய் வைப்பது, கழுத்தைத் திறந்து மூச்சுவழி அமைப்பது போன்றவற்றின் அடிப்படையைச் சொல்லித் தரும். அளவும் இடமும் மாறும் இடங்களுக்குச் சிறிய உடலே வேண்டும். பெரியவர் தனக்காகக் கையெழுத்துப் போடலாம். குழந்தைக்காகக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள், அப்போதுதான் அதை இழந்து நிற்கும் தாயும் தகப்பனும். அவர்களிடம் வற்புறுத்த யாருக்கும் உரிமையில்லை. அவர்களாக முன்வந்தால், அதைவிடப் பெரிய கொடை இல்லை.

எழுதிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு

* அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையை அணுகி, படிவம் வாங்கலாம். சாட்சிக் கையெழுத்தில் ஒன்று நெருங்கிய உறவினருடையதாக இருப்பது நல்லது.
* படிவம் பீரோவில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. இறந்த பிறகு ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். அவர்களிடம் இப்போதே பேசுங்கள்.
* டாக்டர் தரும் இறப்புச் சான்று தேவை. எவ்வளவு சீக்கிரம் ஒப்படைக்கிறோமோ அவ்வளவு நல்லது.
* போஸ்ட்மார்ட்டம் செய்யப்பட்ட உடல், தொற்றுநோயால் இறந்தவரின் உடல் ஆகியவற்றைக் கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை.
* உடல் உறுப்பு தானமும் உடல் தானமும் வேறு வேறு. உள்ளுறுப்புகள் எடுத்த உடலைப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கண் தானம் செய்தால் தடையில்லை; ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும்.

பார்க் டவுனிலிருந்து சற்றுத் தள்ளி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. நள்ளிரவில் மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஓடி வரும் வாசல் அது. உள்ளே இருக்கும் இளம் டாக்டரின் கை நடுங்காமல் இருந்தால், அந்தக் கைக்கு முதலில் இடம் கொடுத்த யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேஜையில் படுத்திருந்தார் என்று பொருள். அவர் பெயர் அந்தத் தாய்க்குத் தெரியப்போவதில்லை.