விடைத்தாள் உள்ள பாதியும் இல்லாத பாதியும்

சதுரங்க நிரல் ஒன்றை வீட்டில் தனியாக எழுத முனைபவர், விதிப்படி ஆடத்தக்க நகர்வுகளைப் பட்டியலிடும் பகுதியை எளிதென்றும், அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் தேடல் பகுதியைக் கடினமென்றும் கருதுவது வழக்கம். உண்மையில் இவ்விரண்டையும் வேறுபடுத்துவது பிழையின் இயல்பே: நகர்வுப் பட்டியலில் நேரும் பிழையை எண்கள் காட்டிக்கொடுத்துவிடும்; தேடலில் நேரும் பிழையோ, நிரல் சற்று மந்தமாக ஆடுகிறது என்பதற்கு மேல் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளாது.

ஒரு நிலையிலிருந்து இரு தரப்பும் மாறிமாறி ஆடக்கூடிய எல்லா வரிசைகளையும் குறிப்பிட்ட ஆழம் வரை எண்ணிப்பார்க்கும் சோதனை பெர்ஃப்ட் எனப்படும். ஆட்டத் தொடக்கத்திலிருந்து எண்ணினால் அடுத்தடுத்த ஆழங்களில் 20, 400, 8,902, 1,97,281 என்று வரவேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நிரலில் பிழை உண்டு. ஆயினும் இந்த நான்கு எண்களும் பொருந்தியதும் மகிழ்ந்துவிடுவது அவசரம். ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறும் காஸ்லிங், இரு தரப்பு நகர்வுகளையும் சேர்த்து எண்ணினால், ஏழாவதற்கு முன் நிகழவே முடியாது என்பதால், அதன் விதியை முற்றிலும் தவறாக எழுதிய நிரலும் இச்சோதனையில் தேறிவிடும். அதனால்தான் சிக்கலான விதிகள் ஒருங்கே கூடும் நிலைகளைத் தனியே அமைத்து வைத்திருக்கிறார்கள். கிவிபீட் என்று பெயர்பெற்ற நிலையில் முதல் ஆழத்திலேயே 48 நகர்வுகள் உண்டு, அடுத்த ஆழத்தில் 2,039.

இவ்விதிகளுள் மிகவும் வஞ்சகமானது ஆன்பாசான், அதாவது இரண்டு கட்டம் பாய்ந்து தன் பக்கத்தில் வந்து நிற்கும் சிப்பாயை, அது ஒரு கட்டமே நகர்ந்ததாகக் கொண்டு உடனே வெட்டும் உரிமை. ராஜாவும் எதிரியின் யானையும் ஒரே கிடைவரிசையில் இருக்க, இடையே இவ்விரு சிப்பாய்கள் மட்டும் நின்றால், அந்த ஒரே வெட்டில் இரண்டும் வரிசையை விட்டு அகன்று ராஜா செக்கில் அகப்படும். ஒரு காய் விலகினால் ராஜாவுக்கு ஆபத்தா என்று மட்டும் பார்க்கும் நிரல் இதைக் கவனியாமல் விட்டுவிடும். வேகம் குறைந்தாலும், ஒவ்வொரு நகர்வையும் ஆடிப்பார்த்து ராஜா தாக்கப்படுகிறதா என்று சோதித்துத் திரும்பப்பெறும் முறையே முதல் முயற்சிக்கு ஏற்றது.

தேடலுக்கு இத்தகைய விடைத்தாள் கிடையாது. எதிரியிடம் வலுவான மறுமொழி ஒன்று இருப்பது தெரிந்ததுமே அந்த நகர்வை மேலும் ஆராயாது கைவிடுவது ஆல்பா-பீட்டா முறை. 1975இல் கணினியியல் அறிஞர்களான நூத்தும் மூரும் இதை விரிவாக ஆராய்ந்தனர். நிலைக்கு 30 நகர்வுகள் எனக் கொண்டால், ஆறு நகர்வு ஆழத்தில் எல்லாவற்றையும் பார்க்க 72.9 கோடி இறுதி நிலைகளை மதிப்பிட வேண்டியிருக்க, சிறந்த நகர்வே எப்போதும் முதலில் பார்க்கப்பட்டால் 53,999 போதும். சிறந்தது எதுவென முன்கூட்டியே தெரிந்தால் தேடலே வேண்டாம் என்பது வேறு; ஆகவே சிறிய காயால் பெரிய காயை வெட்டுவது போன்றவற்றை முன்னே நிறுத்தி ஊகத்தால் வரிசைப்படுத்துகிறார்கள். வரிசை மோசமானால் தவறான விடை வராது, நேரம் மட்டுமே வீணாகும். அதனாலேயே அக்குறை நெடுநாள் கண்ணில் படாமல் இருந்துவிடும்.

ஓரளவுக்கு உதவும் சோதனை ஒன்று உண்டு. வேறு சுருக்குவழிகளை எல்லாம் நீக்கிவிட்டு, ஒரே நிலையை ஒரே ஆழத்தில், ஆல்பா-பீட்டாவுடன் ஒருமுறையும் இன்றி ஒருமுறையும் தேடினால், இறுதி மதிப்பு இம்மியும் மாறாமல் பார்வையிட்ட நிலைகளின் எண்ணிக்கை மட்டும் குறைய வேண்டும். மதிப்பு மாறினால், பார்க்கவேண்டிய ஏதோ ஒரு கிளையை நிரல் வெட்டிவிட்டது என்று கொள்ளலாம்.