தளர்த்தக் கற்ற கதை

நாற்பத்தொரு வயது வரை எனக்கு மிதிவண்டியே போதுமானதாக இருந்தது. வெண்ணாற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. காலையில் ஒரே பேருந்து. அதைத் தவறவிட்டால் முதல் பாடவேளையும் போய்விடும். ஆகவே, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அதைப் பழுது பார்த்துத் தந்தவனே ஓட்டவும் கற்றுத் தருவதாகச் சொன்னான். அவன் என் பழைய மாணவன். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்.

முதல் நாள், ஊர்த் திடலில் வண்டியை உதைத்துக் கிளப்பினேன். கிளட்சை அழுத்தி, முதல் கியரைப் போட்டுக் கையை எடுத்தேன். வண்டி ஒரு முழம் துள்ளி நின்றது. ஏழெட்டு முறை அப்படியே ஆயிற்று. பந்து விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். வகுப்பில் நாற்பது பேர் பார்ப்பது எனக்குப் பழக்கம். இது வேறு பார்வை.

அவன் சிரிக்கவில்லை. பட்டறைக்கு அழைத்துச் சென்று, பிரித்து வைத்திருந்த கிளட்ச் ஒன்றைக் காட்டினான். உராய்வுப் பூச்சுள்ள வட்டத் தகடுகளும் வெறும் எஃகுத் தகடுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. சுருள்வில்கள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். கைப்பிடியை அழுத்தினால் இறுக்கம் நீங்கும். எஞ்சின் சுழன்றாலும் அந்தச் சுழற்சி சக்கரத்துக்குச் செல்லாது. பிடியை மெல்லத் தளர்த்தும்போது தகடுகள் முதலில் வழுக்கும், பிறகு பற்றும், பிறகு ஒன்றாகச் சுழலும். சட்டென்று விட்டால், நிற்கும் சக்கரம் ஓடும் எஞ்சினை நிறுத்திவிடும்.

“ஐயா, கிளட்சை விடாதீங்க, தளர்த்துங்க” என்றான். இரண்டு வினைச்சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டைத் தமிழாசிரியனுக்கு அவன் சொல்லித்தந்தான்.

மறுநாள் முழுவதும் ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. பிடியை நூலிழை நூலிழையாகத் தளர்த்தினேன். ஓரிடத்தில் எஞ்சினின் ஒலி சற்றே தாழ்ந்தது. வண்டி தானாக நகர்ந்தது. அந்த இடத்தைக் கண் காண்பதில்லை, விரல்தான் அறியும். “அங்கேயே ரொம்ப நேரம் பிடிச்சு வைக்காதீங்க, தகடு கருகிடும்” என்றும் எச்சரித்தான்.

நான்காம் நாள், அவனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு வெண்ணாற்றுப் பாலத்தை நோக்கிச் சென்றேன். ஏற்றத்தின் நடுவே வண்டி நின்று, பின்னோக்கி உருண்டது. பின்னால் வந்த டிராக்டர்க்காரர், “உங்களுக்கெல்லாம் எதுக்கு வண்டி?” என்று கத்தினார்.

அந்தச் சொல்லை நான் எங்கோ கேட்டிருந்தேன். கேட்டதில்லை, சொல்லியிருந்தேன். அசை, சீர், தளை மூன்றையும் ஒரே பாடவேளையில் நடத்தி முடித்து, இப்போது என் பின்னால் இருப்பவனை எழுப்பி ஒரு குறளை அலகிடச் சொன்னேன். திணறினான். “உனக்கெல்லாம் இது எங்கே ஏறப்போகிறது?” என்று கேட்டு உட்காரவைத்தேன். அவன் படிப்பை நிறுத்தியதற்கு வீட்டு வறுமையும் காரணம். என் பங்கு எவ்வளவு என்று கேட்கும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

“பின் பிரேக்கை மிதிச்சுக்கோங்க, ஐயா. வண்டி முன்னால இழுக்கிறது தெரிஞ்சதும் காலை எடுங்க. அவசரமில்லை” என்றான்.

மூன்றாம் முறை வண்டி ஏறியது.

அடுத்த வாரம், பதினொன்றாம் வகுப்பில் யாப்பிலக்கணம். நேர், நிரை என இரண்டு அசைகளை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். மாணவர்கள் தத்தம் பெயர்களை அசை பிரித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சீருக்கு நான் போகவில்லை.