ஏரிக்கரையில் ஒரு கோடை

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், ஊரப்பாக்கத்து ஏரிக்கரையில் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் மனித நடமாட்டம் தெரியும். நாமும் அந்நேரத்தில் செபமாலையைக் கையிலெடுத்துக்கொண்டு கரையேறுவது வழக்கம். நீர் வற்றி ஒதுங்கிய பகுதியில் சிறுவர்கள் குச்சிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடுவர். எஞ்சிய குட்டையில் கெளுத்தியும் விராலும் தேடிச் சிலர் முழங்காலளவுச் சேற்றில் நிற்பர். மாடுகள் கோரைப்புல் மேயும். சாலையோரத்தில் நுங்கு சீவுகிற அன்பர், நம்மிடம் காசு வாங்க மறுப்பார். ஆதலால் இப்போதெல்லாம் ஆள் விட்டு வாங்குகிறோம்.

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத இந்நிலத்தில், முன்னோர் சரிவைப் பார்த்துக் கரை கட்டினர். மேலேரி நிரம்பினால், கலங்கல் வழியே வழியும் நீர் கீழேரிக்குச் செல்லும். கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வாரி, வண்டியிலேற்றி வயலில் கொட்டுவர். வயலுக்கு எருவாயிற்று, ஏரியும் ஆழமாயிற்று. மழைக்கு முன் கரையைச் செப்பனிடுவது ஊராரின் கடமை. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கோயில் இருப்பதை வாசகர்கள் அறிவீர்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் துரை, உடையவிருந்த கரையை மழையிரவில் இரு வில்வீரர்கள் காத்து நின்றதைக் கண்டார் என்று அவ்வூரார் சொல்வர். கரை உடைவதை அக்கால மக்கள் எவ்வளவு அஞ்சினர் என்பதை அக்கதையிலேயே காணலாம்.

இன்று ஊரப்பாக்கத்து வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. 1985-இல் பக்கத்து வண்டலூரில் உயிரியல் பூங்கா வந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வயல் போனபின் வாய்க்காலைத் தூர்வார யாருக்கு அக்கறை?

இங்கே நமது குற்றமொன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பங்குக் குடும்பமொன்று தாழ்வான மனையில் வீடு கட்டி நம்மை அழைத்தது. தீர்த்தம் தெளித்து மந்திரித்தோம், பாயசமும் உண்டோம். வீட்டின் பின்புறம் ஏன் இவ்வளவு கோரை வளர்ந்திருக்கிறது என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அவ்வீட்டினுள் இடுப்பளவு நீர் புகுந்தது. கைக்குழந்தையுடன் கோயிலுக்கு ஓடிவந்த அத்தாய், ஈரச் சேலையோடு நம் முன் நின்று, "நீங்க மந்திரிச்ச வீடுதானே சாமி?" என்று மட்டும் கேட்டார். அதில் பழி இல்லை. உண்மையாகவே காரணம் கேட்டார். அதுவே நம்மைச் சுட்டது. 2019 கோடையில், சென்னைக்கு நீர் தரும் பெரும்பாலான ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட அவ்வாண்டில், அதே அம்மாள் அதே வாசலில் குடங்களை வரிசையாக வைத்து லாரிக்காகக் காத்திருந்தார்.

சென்ற வாரம் இளைஞர் ஒருவர், தாம் வாங்கிய மனைக்கு அடிக்கல் மந்திரிக்க நாள் கேட்டு வந்தார். "முதலில் ஏரிக்கரைக்கு வா, தம்பி" என்றோம். ஃபாதருக்கு வயதாகிவிட்டது என்று எண்ணினார் போலும், சிரித்துக்கொண்டே வந்தார். முன்பு மதகு திறந்து நீர் பாய்ச்சிய முதியவர் ஒருவர் மாலையில் கரையில் அமர்ந்திருப்பார். அவரிடம் மனை இருக்குமிடத்தைச் சொன்னோம். அவர் எழுந்து, "கலங்கத் தண்ணி இப்படித்தாங்க சாமி போவும்" என்று கைத்தடியால் புழுதியில் கோடொன்று கிழித்தார். மனைக்கு அடையாளமாக ஒரு கல்லை வைக்கச் சொன்னார். இளைஞர் குனிந்து கல்லை வைத்தார். கோட்டின் மேலேயே வைத்தார். பிறகு கையிலிருந்த பத்திர நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் அக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.