பொய்ப் பாலமும் மெய்ப் பாலமும்

படத்துக்கெனச் செய்யும் போலிப் பொருள் கமராவின் கண்ணுக்கு உண்மையாயிருந்தாற் போதும் என்பர். 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காகக் கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே எழுந்த மரப்பாலமோ, மெய்யான புகையிரதத்தையே தாங்கவேண்டியிருந்தது. நம் நாட்டுத் தொழிலாளர் உழைத்தனர். யானைகள் மரங்களை இழுத்தன. ஒரேயொரு காட்சிக்காக அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். அக்காட்சியை நாமும் வியந்து பார்த்தவர்களே.

ஆயினும் ஒன்று கேட்கின்றோம். அக்கதையின் களம் 1942-43இல் ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மாப் புகையிரதப் பாதை. அங்கே ஆயிரமாயிரமாய் மடிந்த மலாயாத் தோட்டத் தமிழர் படத்தில் எங்கே? மரத்தில் இத்துணை நுணுக்கம் காட்டியோர் மனிதரை விட்டுவிட்டனர்.

காஞ்சனபுரியின் மெய்ப் பாலம் (அது இரும்புப் பாலம்) குண்டுவீச்சுக்குப்பின் செப்பனிடப்பட்டு இன்றும் புகையிரதத்தைத் தாங்குகின்றது. கித்துல்கலையில் பொய்ப் பாலத்தின் கொங்கிறீற் அடித்தளங்களே பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன.