ஆளில்லா மேடையும் ஆளும் மனிதனும்

நிலத்தில் எண்ணெய் கிடைத்தால் அங்கே ஊர் தழைக்கும். 1910ஆம் ஆண்டில் சரவாக்கின் மிரிக் குன்றில் எண்ணெய் பீறிட்டது. சிற்றூராயிருந்த மிரி நகரமாய் வளர்ந்தது. கரை தெரியாத கடலில் கிணறு தோண்டினால் அங்கும் ஊர் எழுமா? எழுப்பித்தான் பார்த்தான் மனிதன். படுக்கையறை, உணவுக்கூடம், ஹெலிகாப்டர் தளம் ஆகிய அனைத்தையும் இரும்புக் கால்களின்மேல் ஏற்றி வைத்தான். ஆனால், அவ்வூரில் எரிவாயுவே அண்டை வீட்டுக்காரன். 1988 ஜூலை 6ஆம் நாள் பிரிட்டனின் வடகடலில் பைப்பர் ஆல்பா மேடை வெடித்து எரிந்தபோது 167 பேர் மாண்டனர்.

கிணற்றருகே மனிதன் குடியிருக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே ஆளில்லாக் கிணற்று மேடை கூறும் விடை. அத்தகைய மேடைகள் அவ்விபத்துக்கு முன்னரே இருந்தன. அதன் பின்னர் அவற்றின் அருமை மேலும் விளங்கிற்று.

இம்மேடையின் சிறப்பு, அது செய்யாமல் விடும் வேலைகளில் இருக்கிறது. எண்ணெயையும் நீரையும் வாயுவையும் பிரிக்கும் பெரும்பொறிகள் பொதுவாக அங்கில்லை. கிணற்று வாய்களைத் தாங்கி நின்று, மேலெழும் கலவையைக் கடலடிக் குழாய்வழி தலைமை மேடைக்கு அனுப்புவதே அதன் பணி. எனவே, பெருமேடை கட்டினால் செலவுக்கும் கட்டுபடியாகாத சிறு எண்ணெய் வயல்களும் பயன் தருகின்றன. தாய்மேடை ஒன்று, சேய்மேடைகள் பலவற்றின் விளைச்சலை ஏற்றுக்கொள்கிறது.

நார்வே நாட்டின் ஓசெபெர்க் எச் மேடை 2018 அக்டோபரில் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே தங்கும் அறையில்லை; ஹெலிகாப்டர் தளமில்லை; கழிப்பறைகூட இல்லை. ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தலைமை மேடையிலிருந்து அதனை இயக்குகின்றனர். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே பராமரிப்பாளர் செல்லும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது.

ஆளில்லா வீட்டுக்குக் காவல் யார் எனக் கேட்கலாம். கிணற்றின் பாதுகாப்பு வால்வுகள் திரவ அழுத்தத்தால் திறந்து நிற்பவை. அவ்வழுத்தம் அற்றுப்போனால் அவை தாமே மூடிக்கொள்ளும். காவலன் இல்லாதபோதும் கதவு தாழிட்டுக்கொள்ள வழிசெய்தவன் மனிதனே.

எனினும், கடற்காற்றும் துருவும் ஓய்வதில்லை. வால்வைச் சோதிக்கவும் பழுது நீக்கவும் ஒருவன் அலைமேல் ஆடும் கப்பலிலிருந்து அம்மேடையில் கால்வைத்தே ஆகவேண்டும். மேடையில் தங்குவோரின் வேலை குறைந்தது என்பது உண்மை. அவர்தம் உயிருக்கு நேரும் இடரும் குறைந்தது என்பதும் உண்மையே. இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை. மேடையை விட்டு மனிதன் அகன்றான். மேடையின் பொறுப்பு அவனை விட்டு அகலவில்லை.