பாத்திரம் தேய்த்த கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டிருந்த விஷயம் இது. "நல்லா கோர்வையா யோசிச்சுட்டு எழுதலாம்"னு தள்ளிப் போட்டே வந்தேன். அந்த வியாதியைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதப் போறேங்கறது வேற விஷயம். ஹி ஹி.

எனக்கு எல்லாமே ஒரு ஒழுங்குல இருக்கணும். பருப்பு டப்பாக்கள் உயரப்படி நிக்கணும். துண்டை மூணாத்தான் மடிக்கணும். நம்ம ரங்கமணி நாலா மடிப்பார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் பிரிச்சு நான் மூணா மடிப்பேன். கொஞ்ச வருஷம் பார்த்தார் மனுஷன். ஒரு நாள், "எப்படியும் நீ பிரிச்சு மடிக்கத்தான் போற, ஒரு வேலையை எதுக்கு ரெண்டு பேர் செய்யணும்?"னு பேப்பரை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டார். அன்னிலேர்ந்து துணி மடிக்கறது முழுக்க என் தலையில. இதுல யார் புத்திசாலின்னு நான் வேற சொல்லணுமா?

சரி, மேட்டருக்கு வர்றேன்.

அப்பா போனப்புறம் அம்மா எங்க கூட வந்துட்டாங்க. 74 வயசு. கும்பகோணத்துல கூட்டுக் குடும்பத்துக்கு சமைச்சுப் போட்ட கை, சும்மா இருக்குமா? "பாத்திரம் என் கணக்கு"ன்னு வந்த ரெண்டாம் நாளே சொல்லிட்டாங்க. வேலைக்கு வர்ற அக்கா காலையில மட்டும்தான். ராத்திரிப் பாத்திரம் மொத்தமும் அம்மா.

ஆனா, கழுவி கவுத்த ரசச் சொம்போட அடியில தக்காளித் தோல் ஒட்டிட்டு இருக்கும். தட்டுல சோப்பு வெள்ளை வெள்ளையா கோடு போட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு விரல்ல வழுக்கும். சொன்னா மனசு கஷ்டப்படும்னு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். எல்லாரும் தூங்கினப்புறம், ராத்திரி 11 மணிக்கு, குழாயை நூல் மாதிரி திறந்து விட்டு, சத்தமே வராம எல்லாத்தையும் மறுபடி தேய்ப்பேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, 8 மாசம்!

ஒரு நாள் கரண்டி கை நழுவி கீழ விழுந்துச்சு. திரும்பிப் பார்த்தா வாசப்படியில அம்மா.

"என்னடி பண்றே?"

"தண்ணி குடிச்ச டம்ளர்மா, கழுவி வெக்கறேன்."

கையில இருந்தது 5 லிட்டர் குக்கர்.

அம்மா ஒண்ணும் சொல்லல. போய்ப் படுத்துட்டாங்க. மறுநாள் ராத்திரி சிங்க் பக்கமே வரல. அதுக்கு அடுத்த நாள் கீரை ஆயலை. நாலு நாள்ல பூஜை விளக்குக்குத் திரி போடறதும் நின்னு போச்சு. டிவி முன்னாடி உக்காந்தே இருந்தாங்க. ஒரு சாயங்காலம் என்கிட்ட வந்து, "அந்த வெந்நீர் எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டாங்க. பெத்த பொண்ணு வீட்ல, ஒரு டம்ளர் வெந்நீருக்கு பர்மிஷன்! எனக்கு வயித்தைப் பிசைஞ்சுடுச்சு.

ஹெர்பர்ட் சைமன்னு ஒரு அமெரிக்கர். 1978-ல பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கினவர். மனுஷங்க எப்பவும் ஆகச் சிறந்ததைத் தேடிட்டு இருக்க முடியாது, நேரமும் மூளையும் பத்தாது, தேவைக்குப் போதுமானது கிடைச்சதும் தேடலை நிறுத்திடறதுதான் நடைமுறைங்கறது அவர் கட்சி. 1958-ல ஜேம்ஸ் மார்ச் கூட சேர்ந்து எழுதின புத்தகத்துல வைக்கோல் போர் உதாரணம் ஒண்ணு வரும். போருக்குள்ள கிடக்கறதுலயே கூரான ஊசியைத் தேடறது ஒண்ணு, தைக்கற அளவுக்குக் கூரான ஊசி கிடைச்சா எடுத்துட்டு வந்துடறது இன்னொண்ணு. முதல் ஆளு மொத்த வைக்கோலையும் பிரிச்சுப் போட்டாகணும். 11 மணிக்கு குழாயடியில நின்ன நான் அந்த முதல் ஆளுதான்.

டொனால்ட் வின்னிகாட்னு ஒரு குழந்தை மருத்துவர், இங்கிலாந்துக்காரர். 1953-ல வந்த ஒரு கட்டுரையில 'போதுமான அளவு நல்ல அம்மா'ங்கற கருத்தைச் சொன்னார். ஆரம்பத்துல குழந்தையோட தேவைக்கு முழுசா வளைஞ்சு கொடுக்கற அம்மா, அது தாங்கிக்கற அளவு பார்த்து கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கொடுத்தாத்தான் குழந்தை தன் காலில் நிக்கும்னார். வயசான அம்மாவை வெச்சுக்கற பொண்ணுக்கும் இது பொருந்தும்னு எனக்குத் தோணுச்சு. எல்லாத்தையும் நாமளே பர்ஃபெக்டா செஞ்சுட்டா, அடுத்தவங்களுக்கு அந்த வீட்ல என்னதான் மிச்சம்?

அதுக்காக, எல்லாத்தையும் 'விட்றா விட்றா'ன்னு விட்டுட முடியுமா? முடியாது. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கணக்குப் போட்டேன். கேஸ் சிலிண்டர் வால்வு, அம்மாவோட பி.பி. மாத்திரை, பால் பாத்திரம் (பழைய பால் ஒட்டியிருந்தா புதுப் பால் திரிஞ்சுடும்), வாண்டுவோட டிபன் பாக்ஸ் மூடி ரப்பர். இந்த நாலுல சமரசமே கிடையாது. மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் உலகம் சுத்தும்.

அம்மாகிட்ட போய், "பால் பாத்திரமும் டிபன் பாக்ஸும் நான் பாத்துக்கறேன். மத்தது உன் கணக்குதான்"னேன்.

"பிசுக்கு இருக்கும்டி."

"இருக்கட்டும்மா."

"எனக்குக் கண்ணே சரியாத் தெரியலடி. எல்லாம் பனி மூட்டமா இருக்கு."

அங்கதான் எனக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. தக்காளித் தோல் கண்ணுக்குத் தெரிஞ்சுது, சோப்புக் கோடு தெரிஞ்சுது, அம்மா கண்ணுல புரை தெரியல. 8 மாசம் பாத்திரத்தைத் திரும்பத் தேய்ச்ச நேரத்துல ஒரு மணி நேரம் எடுத்து கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகத் தோணல. இதுக்குப் பேரா ஒழுங்கு?

ரெண்டு கண்லயும் கேட்டராக்ட். கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமா மங்கிப் பழுப்பாகறதால அவங்களுக்கே வித்தியாசம் சட்டுனு தெரியாதுன்னார் டாக்டர். ஒரு கண், ஒரு மாசம் விட்டு இன்னொரு கண். அன்னன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. செயற்கை லென்ஸ் வெச்சு கட்டு பிரிச்சதும், அம்மா தன் புடவையைத் தடவிப் பார்த்து, "இது பழுப்புன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன், வெள்ளையாடி?"ன்னாங்க. ரங்கமணி முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

நடுவுல, சிங்குக்கு நேர் மேல ஒரு டியூப் லைட் போட்டேன். பழைய பல்பு முதுகுக்குப் பின்னாடி இருந்ததால, தேய்க்கறவங்க நிழல் பாத்திரத்து மேலயே விழுந்துட்டு இருந்திருக்கு. 8 மாசம் நானும் அதே நிழல்லதான் நின்னேன், அதுவும் என் கண்ணுல படல.

சொட்டு மருந்தெல்லாம் முடிஞ்சு, டாக்டர் சரின்னு சொன்னப்புறம் அம்மா மறுபடி கிச்சனுக்கு வந்தாங்க. வந்ததும் இடுப்புல கை வெச்சு நாலா பக்கமும் பார்த்தாங்க. "ஃபேன் றெக்கையில என்னடி இவ்ளோ தூசி? சிலிண்டர் பின்னாடி ஒட்டடை! இந்த லட்சணத்துலதான் குடித்தனம் பண்றியா?" ரங்கமணிக்கு சிரிப்புத் தாங்கல. நான் அவ்வ்வ்வ்.

துண்டை இப்ப ரங்கமணிதான் மடிக்கறார். நாலாத்தான். அலமாரியைத் திறக்கறப்போ இன்னும் கை பரபரக்கும், மூடிடுவேன். சில நாள் தோத்தும் போறேன், இல்லைன்னு சொல்லல.

போன வாரம் ஆபீஸ் ஆணி ஜாஸ்தி. லேட்டா வந்து, அவசர அவசரமா நானே பாத்திரத்தைத் தேய்ச்சுக் கவுத்துட்டுப் படுத்தேன். 11 மணி இருக்கும், முழிப்பு வந்துச்சு. கிச்சன்ல குழாய் நூல் மாதிரி ஓடற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன்.

"என்னம்மா பண்றே?"

"தண்ணி குடிச்ச டம்ளர்டி, கழுவி வெக்கறேன்."

கையில என் குக்கர்.

ஒண்ணும் சொல்லாம வந்து படுத்துட்டேன். நல்லா தூக்கம் வந்துச்சு.